முன்கதவில் ஒட்ட வேண்டிய காகிதம்

கூரை உள்ளே விழுந்துவிட்ட வீடாக இருந்தாலும் ஆர்டெல் விட்லோ கதவைத் தட்டுவார். மூன்று தட்டு. பிறகு தொப்பியைக் கழற்றி இடது கையில் வைத்துக்கொண்டு, உள்ளே யாரோ எழுந்து வர நேரம் எடுக்கிறது என்பதுபோலக் கொஞ்ச நேரம் நிற்பார். மாடி ஜன்னலில் காட்டுமரக் கிளை எட்டிப் பார்க்கும். அடுப்படியில் புறா குமுறும். யாரும் வரமாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும். நின்று முடித்த பிறகுதான் தோள்பையிலிருந்து அந்த ஆரஞ்சு நிறக் காகிதத்தை எடுப்பார்.

மார்ஸ்டன் ஊர்க்காரர்கள் இதைப் பத்தொன்பது வருஷம் பார்த்தார்கள். ஆரம்பத்தில் கிண்டல் செய்தார்கள். "என்ன ஆர்டெல், புறா காபி குடுத்துச்சா?" என்று சந்தில் குப்பைத் தொட்டி தள்ளிக்கொண்டு போகிறவர்கள் கேட்பார்கள். "சர்க்கரை இல்லையாம்" என்பார். போகப்போகக் கேட்பதை விட்டுவிட்டார்கள். ஒரு மனிதர் காலி வீட்டு வாசலில் தொப்பியைக் கழற்றி நிற்பது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் சரக்கு ரயில் போவதைப்போல ஊரின் வழக்கமாகிவிட்டது.

அவர் வேலை அந்தக் காகிதம்தான். இரண்டு வருஷம் வீட்டு வரி கட்டாவிட்டால் செப்டம்பர் மாதம் கவுண்டி, அதாவது மாவட்ட நிர்வாகம், அந்த வீட்டை ஏலத்துக்கு விடும். அதற்கு முன்னால் வீட்டுக்காரருக்குத் தபால் போக வேண்டும். செய்தித்தாளில் பெயர் வர வேண்டும். வீட்டிலேயே ஓர் அறிவிப்பு ஒட்டப்பட வேண்டும். மூன்றாவதைச் செய்ய ஓர் ஆள். ஜூனில் தொடங்கினால் ஆகஸ்ட் வரை முந்நூறு வீடு, சில வருஷம் நானூறு. எஃகு ஆலை ஓடிய காலத்தில் மார்ஸ்டனில் பதினாலாயிரம் பேர் இருந்தார்கள். ஆர்டெல் அந்த வேலைக்கு வந்தபோது நாலாயிரம்கூட இல்லை. மீதி பத்தாயிரம் பேரின் வீடுகள் மட்டும் எங்கும் போகவில்லை.

ஒட்டிவிட்டு ஒரு படம் எடுக்க வேண்டும். பிறகு ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டு, அலுவலக நோட்டரி முன்னால் உறுதிமொழி சொல்ல வேண்டும். படிவத்தின் வாசகம் அச்சடித்தது: 'மேற்கண்ட வீட்டின் முன்கதவில், பொதுமக்கள் பார்வையில் படும்படி இந்த அறிவிப்பை ஒட்டினேன்.' கீழே கோடு. கோட்டின் மேல் பத்தொன்பது வருஷமும் ஆர்டெல் விட்லோ என்று ஒரே மாதிரி எழுதினார்.

ஆனால் அவர் முன்கதவில் ஒட்டியதே இல்லை.

மார்ஸ்டனில் முன்கதவை யாரும் திறப்பதில்லை. ஊரே மலைச்சரிவில் இருக்கிறது. தெருவிலிருந்து முன்வாசலுக்குப் பத்துப் பன்னிரண்டு கல்படி. பின்பக்கம் சந்து சமதரை. காரை நிறுத்தி இறங்கினால் நேராகச் சமையலறை. ஆலைக்குப் போனவர்கள் கரிப்புகையோடு முன்னறைக்குள் வரக்கூடாது என்று மனைவிமார் போட்ட சட்டம், ஆலை போன பிறகும் போகவில்லை. முன்கதவு சவப்பெட்டிக்கும் ஈஸ்டருக்கு வரும் பாதிரியாருக்கும். மற்ற நாள்களில் அதன் மேல் ஒரு சோபாவோ, இறைச்சி வைக்கும் பெரிய குளிர்பெட்டியோ சாய்ந்திருக்கும்.

ஆர்டெலின் அப்பா ஓட்டிஸ் வீட்டில் குளிர்பெட்டி. 1987 கோடையில் யாரோ ஒரு கவுண்டி ஆள் ஆறாவது தெருவில் வண்டியை நிறுத்தி, சட்டப்படி முன்கதவில் ஒரு காகிதம் ஒட்டிவிட்டுப் போனான். ஜூலையும் ஆகஸ்டும் அது வெயிலில் வெளுத்தது. குளிர்பெட்டிக்கு இந்தப் பக்கம் ஓட்டிஸ் சமையலறையில் உட்கார்ந்து ரேடியோவில் பேஸ்பால் ஆட்டம் கேட்டுக்கொண்டிருந்தார். பச்சை அட்டை ஒட்டிய தபாலும் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டியது. அவர் வாங்கவில்லை. பச்சை அட்டையோடு நல்ல சேதி வந்ததாக அந்தத் தெருவில் சரித்திரம் கிடையாது. அக்டோபரில் ஒருவன் சமையலறைக் கதவைத் தட்டி, வீடு இப்போது தன்னுடையது என்றான். ஆயிரத்து நூறு டாலருக்கு ஏலம் போயிருந்தது.

"யாரும் எங்கிட்ட சொல்லலையே" என்றார் ஓட்டிஸ். கத்தவில்லை. மகள் வீட்டு மாடியறையில் அதற்குப் பிறகு இருந்த நாலு வருஷமும், சாப்பிடும்போதும் சவரம் செய்யும்போதும், அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஆர்டெலுக்கு அப்போது முப்பத்தொரு வயது. ஆலையில் கரி சுடும் கோக் அடுப்பு வேலை போய், வாரக்கூலிக்கு ஒஹையோவுக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கோடையில் அப்பா வீட்டின் முன்பக்கமாக ஒரு தடவை நடந்திருந்தால் அவரே பார்த்திருப்பார். அவரும் சந்து வழியாகத்தான் போய் வந்தார்.

அதனால் 1999இல் அந்த வேலை கிடைத்தபோது யாரையும் கேட்காமல் ஒரு முடிவு எடுத்தார். காகிதம் சமையலறைக் கதவில். கையை நீட்டிக் கதவைத் திறக்கிறவன் கண்ணுக்கு நேராக.

அது வேலை செய்தது. செருப்பு மாற்றாமலே அலுவலகத்துக்கு ஓடிவந்து தவணை கேட்டவர்கள் உண்டு. முதல் கோடையில் மட்டும் பதினொரு குடும்பம் ஏலப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டது. ஆர்டெல் அந்தப் பதினொன்றையும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. படிவத்தில் பொய் இருக்கிறது என்ற நினைப்பும் அவருக்கு வரவில்லை. அச்சடித்தவனுக்கு மார்ஸ்டன் தெரியாது, அவ்வளவுதான்.

2016 ஜூலையில் லோகஸ்ட் தெரு 418க்குப் போனார். அது ஓர் இரட்டை வீட்டின் பாதி. ஒரே கூரை, ஒரே செங்கல் சுவர், நடுவில் பிரித்து இரண்டு குடும்பம். 416இல் வெர்னா ஹுடாக். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, ஆர்டெலுக்குப் பள்ளியில் இரண்டு வகுப்புக் கீழே. 418இல் ஸ்டெல்லா போட்னர் என்ற கிழவி இருந்து 2009இல் இறந்துபோனாள். மகன் ரே தூரத்தில், ஃபீனிக்ஸில். சில வருஷம் வரி கட்டினான், பிறகு விட்டுவிட்டான். மழைத்தாரையில் மரம் முளைத்தது. கூரையில் ஓட்டை விழுந்தது. அந்தப் பக்கம் பெய்த மழை நடுச்சுவரில் ஊறி இந்தப் பக்கம் வெர்னாவின் படுக்கையறையில் இறங்கியது.

ஆர்டெல் பின்சந்தில் 418இன் பச்சைக் கதவைத் தட்டி நின்றபோது, பக்கத்துக் கதவிலிருந்து வெர்னா எட்டிப் பார்த்தாள். கையெல்லாம் மாவு.

"யாரு இருக்கான்னு தட்டுற?"

"யாராவது இருந்தா?"

"இருக்கு. கூரை ஓட்டை வழியா ஏறி வந்த ஒரு ராக்கூன் குடும்பம். புருஷன், பொண்டாட்டி, நாலு பிள்ளைங்க. வாடகை குடுக்கிறதில்ல."

அவர் காகிதத்தை ஒட்டினார். படம் எடுத்தார். வெர்னா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்று, ஒரு வரி விடாமல் வாசித்தாள். ஏலம் என்றைக்கு, யார் வேண்டுமானாலும் எடுக்கலாமா என்று கேட்டாள். தான் காகிதம் ஒட்டுகிறவன், யோசனை சொல்லக்கூடாது என்றார் அவர். பிறகு, தேதியைப் படிக்கத்தான் உனக்குத் தெரியுமே என்றார்.

செப்டம்பரில் கவுண்டி நீதிமன்ற மண்டபத்தில் 418இன் எண் வாசிக்கப்பட்டபோது வெர்னா ஒருத்திதான் அட்டையைத் தூக்கினாள். ஏழு வருஷமாக அந்தப் பாதியின் புல்லையும் அவள்தான் வெட்டினாள் என்று மார்ஸ்டனில் எல்லோருக்கும் தெரியும். புல் வெட்டுகிறவளுக்கு எதிராக ஊர்க்காரன் எவனும் கை தூக்கமாட்டான். இரண்டாயிரத்து நூற்றைம்பது டாலர். அடுத்த கோடையில் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கி, இரண்டு பாதிக்கும் சேர்த்துப் புதுக் கூரை போட்டாள். பதினோராயிரத்து நானூறு. ராக்கூன்கள் காலி செய்தன. சுவர் காய்ந்தது.

அடுத்த வருஷம் ஏப்ரலில் ரே போட்னர் வந்தான். ஏலத்தை ரத்து செய்யச் சொல்லி வழக்கு. தபால் எதுவும் தனக்கு வரவில்லை, பழைய விலாசத்துக்குப் போய்த் திரும்பிவிட்டது; வீட்டு முன்னால் அறிவிப்பும் இல்லை என்றான். அலுவலகத்தில் படிவம் இருந்தது, படம் இருந்தது. படத்தில் ஆரஞ்சுக் காகிதமும் அதைச் சுற்றி நாலு விரல்கடைப் பச்சை வண்ணமும். ஸ்டெல்லாவின் புருஷன் ஒரே டப்பாவிலிருந்து முன்கதவு, பின்கதவு இரண்டுக்கும் அடித்தவன். எந்தக் கதவு என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. சொல்லக்கூடியவர் ஒருவர்தான்.

கவுண்டியின் வக்கீல் கெல்சி ட்ராஸ்க் முப்பது வயதுப் பெண். ஆர்டெலை உட்காரச் சொல்லி, விஷயம் ஐந்து நிமிஷம்தான் என்றாள்.

"படிவத்துல இருக்கிறது சரியான்னு கேப்பாங்க, மிஸ்டர் விட்லோ. அதுக்குப் பதில் சொன்னா போதும்."

"படிவத்துல இருக்கிறது அச்சடிச்சதும்மா."

அவள் தட்டச்சை நிறுத்தினாள். அவரையும் சுவர் காலண்டரையும் பார்த்தாள். "இப்ப எங்கிட்ட மேற்கொண்டு எதுவும் சொல்லாதீங்க" என்றாள். குரலில் மிரட்டல் இல்லை; யாரோ தூக்கி எறிந்த சூடான பாத்திரத்தைப் பிடிக்காமல் விலகிக்கொள்கிற குரல்.

அன்றிலிருந்து ஆர்டெலுக்கு உட்கார முடியவில்லை. மகள் லவோன் கொலம்பஸிலிருந்து தொலைபேசியில் பேசும்போதும் கம்பியில்லாத போனைக் காதில் வைத்துக்கொண்டு சமையலறைக்கும் கூடத்துக்கும் நடப்பார். அவள்தான் அந்தக் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள், கணக்கு டீச்சர். "அப்பா, மூச்சு வாங்குது. ஓடிக்கிட்டே பேசுறீங்களா?" என்றாள். மாடிப்படி ஏறினேன் என்றார். அந்த வீட்டில் மாடி கிடையாது.

சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றினார். பத்தொன்பது வருஷம் சந்துகளிலேயே போனவர், இப்போது தெருப்பக்கமாகப் போனார். தெருப்பக்கம் மார்ஸ்டன் வேறு ஊர்போல இருந்தது. ஏலம்போன வீடுகளின் முன்கதவுகளை எண்ணினார். அறுபதுக்கு மேல் எண்ணிக்கை குழம்பியது. திரும்பத் தொடங்கினார். யாராவது குடியிருந்த வீடு என்றால் கணக்கு எளிது: சமையலறைக் கதவு சரி. ஆனால் காலி வீட்டில்?

மூன்றாம் நாள் 418இன் முன்னால் வண்டியை நிறுத்தினார். நடைபாதையில் நின்று மேலே பார்த்தார். பன்னிரண்டு படி, அதற்கு மேல் பச்சைக் கதவு. ஆரஞ்சுக் காகிதம் அங்கே இருந்திருந்தால் தெருமுனையிலிருந்தே தெரியும். இந்த நடைபாதை வழியாக ரேயின் பெரியப்பா மகன் டென்னி ஒவ்வொரு ஞாயிறும் தேவாலயத்துக்கு நடந்துபோகிறான். ஒரு போன் போதும், ஃபீனிக்ஸுக்கு.

பின்சந்தில் யார் இருந்தார்கள் பார்க்க? வெர்னா. ராக்கூன்.

காலி வீட்டில் காகிதம் வீட்டுக்காரனுக்கு இல்லை, தெருவுக்கு. பத்தொன்பது வருஷத்தில் இந்தச் சின்ன விஷயம் தனக்கு எப்படித் தோன்றாமல் போனது என்று படியில் உட்கார்ந்து யோசித்தார், உடனே எழுந்தார். அப்பாவுக்காகத்தான் பின்பக்கம் போனோம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தார். இப்போது அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. ஓட்டிஸ் கோக் அடுப்புக்குப் போவதற்கு முன்னால் இந்த மேட்டுத் தெருக்களில் கரி போட்டவர். ஏழு வயது ஆர்டெல் கூடவே வருவான். அந்தக் காலத்தில் லோகஸ்ட் தெருவில் அவர்கள் நிறத்து ஆள்களுக்கு வீடு விற்கமாட்டார்கள். முன்படியில் ஏறினால் மாடி ஜன்னலிலிருந்து ஒரு குரல் வரும், சந்துப் பக்கம் வா என்று. குரல் வருவதற்கு முன்பே சந்துப் பக்கம் போகிறவர்தான் நல்ல கரிக்காரர். 2016இல் அந்தத் தெருவில் முக்கால்வாசி ஜன்னலில் பலகை அடித்திருந்தது. குரல் கொடுக்க ஆள் இல்லை. இருந்தும் அவர் சந்துப் பக்கமாகத்தான் போயிருக்கிறார்.

அன்பால் போனாரா, பழகிப்போன பயத்தால் போனாரா? இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர் இருப்பதாகக்கூட அவருக்குத் தெரியவில்லை.

விசாரணைக்கு முந்தின நாள் மத்தியானம் வெர்னா வீட்டுக்குப் போனார். அவள் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள், அவர் நின்றார்.

"நாளைக்கு என்ன சொல்லப் போற?"

"கேக்கிறதுக்குப் பதில் சொல்லுவேன்."

"பொய் சொல்லச் சொல்லி நான் கேக்கல, ஆர்டெல்."

"தெரியும்."

"கேக்கல. ஆனா கேக்கணும்போல இருக்கு. அது வேற." கத்தியைக் கீழே வைத்தாள். "ஆறு வருஷம், மழை சத்தம் கேட்டா எழுந்து கட்டில நகத்திட்டு உக்காந்துக்குவேன். இப்பத்தான் ஒரு வருஷமா தூங்குறேன். எனக்கு அந்த வீடு வேணாம். அந்த வீட்டுல என்ன இருக்கு? எனக்கு என் சுவர் காஞ்சிருக்கணும். அவன் வாங்கிட்டுப் போய் திரும்ப அழுக விட்டான்னா?"

 அவளைக் கூப்பிட்டுக் கேட்கமாட்டார்களா என்று அவர் விசாரித்தார். கேட்டால் தான் கதவுகளைக் கணக்கு வைத்துக்கொள்வதில்லை என்று சொல்வதாக அவள் சொன்னாள். பிறகு அவளே சிரித்தாள், சந்தோஷமில்லாமல்.

"அன்னைக்கு ஏன் பின்பக்கமா வந்த? காலி வீடு. முன்னாடி ஒட்டிட்டுப் போயிருந்தா இன்னைக்கு யாருக்கும் தொல்லை இல்ல."

"முன்னாடி ஒட்டியிருந்தா நீ பாத்திருக்கமாட்டே" என்றார் ஆர்டெல். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று இருவருக்கும் உறைத்தது. முன்னால் ஒட்டியிருந்தால் ரே வரியைக் கட்டியிருப்பான், அல்லது வேறு எவனாவது எடுத்திருப்பான். வெர்னா கையில் அந்த வீடு வந்ததே அவர் செய்த தப்பால்தான்.

மறுநாள் நீதிமன்றத்தில் ரேயை முதலில் கேட்டார்கள். ஐம்பது வயது, குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவன், விமானத்தில் கசங்கிய கோட்டு. ஆர்டெலுக்கு அவனை சைக்கிளில் கை விட்டு ஓட்டிய பையனாகத் தெரியும். அவனை வெறுக்க முடிந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவன் தன்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ளவில்லை. வரி கட்டவில்லை, ஒத்துக்கொள்கிறேன் என்றான். விவாகரத்து, கையில் காசில்லை, விலாசம் மாறுவதற்கு முன் வந்த வரிக் கடிதங்களைப் பிரிக்காமல் போட்டுவைத்தேன் என்றான். ஏலம் என்று தெரிந்திருந்தால் எப்படியாவது புரட்டியிருப்பேன், அம்மாவின் வீடு அது. கடைசியில் நீதிபதியைப் பார்க்காமல் தன் கையைப் பார்த்துச் சொன்னான்.

"யாரும் எங்கிட்ட சொல்லல."

அடுத்த வரிசையில் உட்கார்ந்திருந்த ஆர்டெல் எழுந்து நின்றுவிட்டார். காவலர் வந்து, உங்கள் முறை இன்னும் வரவில்லை என்று தோளைத் தொட்டு உட்கார வைத்தார்.

முறை வந்தது. ரேயின் வக்கீல் நரைத்தவர், நம்பிக்கை இல்லாமல்தான் கேட்டார். இது உங்கள் கையெழுத்தா? ஆமாம். இது நீங்கள் எடுத்த படமா? ஆமாம். படத்தில் இருப்பது எந்தக் கதவு?

ட்ராஸ்க் தன் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெர்னா மூன்றாம் வரிசையில், கைப்பையை மடியில் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவர் அவளைத்தான் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"சமையலறைக் கதவு, ஐயா. பின்சந்துப் பக்கம்."

கேட்ட வக்கீலே படத்தை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தார். முன்கதவில் ஒட்டவே இல்லையா? இல்லை. அப்படியானால் படிவம்? "படிவம் தப்பு. கையெழுத்து என்னோடதுதான்." மற்ற வீடுகளிலும் இப்படித்தானா என்று வக்கீல் ஆரம்பித்தார். ட்ராஸ்க் எழுந்து, இந்த வழக்கு ஒரு வீட்டைப் பற்றியது என்று ஆட்சேபம் சொன்னாள். நீதிபதி அதை ஏற்று, சாட்சி பதில் சொல்ல வேண்டியதில்லை என்றார். ஆர்டெல் பதில் சொல்ல வாயைத் திறந்திருந்தார். அதை மூடிக்கொண்டு இறங்கினார்.

ஆறு வாரத்தில் தீர்ப்பு வந்தது. ஏலம் செல்லாது. வெர்னாவுக்கு இரண்டாயிரத்து நூற்றைம்பது டாலர் திரும்பக் கிடைத்தது. கூரையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அது வீட்டோடு போயிற்று. ரே பாக்கி வரியைக் கட்டிவிட்டு ஃபீனிக்ஸுக்குப் போனான். அங்கிருந்து மரியாதையாக ஒரு கடிதம் எழுதினான்: விருப்பமிருந்தால் 418ஐப் பதினெட்டாயிரத்துக்குத் தருகிறேன், புதுக் கூரை போட்ட வீடு. வெர்னா அதைச் சமையலறைக் குளிர்பெட்டியில் காந்தத்தால் ஒட்டிவைத்தாள், வருகிறவர்கள் படித்துச் சிரிக்கட்டும் என்று. சிரித்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

ஆர்டெலை யாரும் வேலையிலிருந்து நீக்கவில்லை. அந்தக் கோடை வேலைக்குக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். வெளியூர் நிறுவனம் ஒன்று வந்தது. பையன்கள் கையில் கைப்பேசி, எந்த இடத்தில் எத்தனை மணிக்கு ஒட்டினார்கள் என்று அதுவே பதிந்துகொண்டது. எல்லாம் முன்கதவில். அந்த வருஷம் ஏலத்துக்குப் பிறகு, ஏழாவது தெருவில் குடியிருந்த ஒரு கிழவர் தன் வீடு போனதே தெரியாமல் அக்டோபர்வரை சமையலறையில் இருந்தார் என்று ஆர்டெல் கேள்விப்பட்டார். அன்றைக்கு முழுக்க நடந்தார். தான் சொன்ன உண்மையால் ரேயின் வீடு திரும்பியது. தான் இல்லாததால் இந்தக் கிழவரின் வீடு போனது. இதை யாரிடம் கேட்பது? லவோனிடம் கேட்டார். ரெண்டையும் ஒரே கணக்கில் போடாதீங்கப்பா என்றாள். கணக்கு டீச்சரே அப்படிச் சொன்னது அவருக்கு நிம்மதி தரவில்லை.

நவம்பரில், சேமிப்பிலிருந்து ஒரு காசோலை எழுதிக்கொண்டு வெர்னாவிடம் போனார். ஐயாயிரத்து எழுநூறு. மொத்தக் கூரையில் 418இன் மேல் இருக்கிற பாதி. அவள் பாதிக்கு மேல் இருப்பது அவளுக்கே பயன், ஆகவே அது சேராது. வழியெல்லாம் இந்த விளக்கத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தார். அவள் காசோலையை எடுத்து, எழுத்தில் இருந்ததையும் எண்ணில் இருந்ததையும் ஒத்துப் பார்த்துவிட்டு, மேசைமேல் அவர் பக்கமாகத் தள்ளினாள்.

"வாங்கமாட்டேன்."

"உனக்குச் சேரவேண்டியது, வெர்னா."

"சேரவேண்டியதுதான். யாரு இல்லேன்னா? நீ சொன்னது சரின்னு எனக்குத் தெரியும்ப்பா. அதுதான் எரிச்சலே. பொய் சொல்லிக் கெடுத்திருந்தா வாயாரத் திட்டித் தீத்திருப்பேன்." தேநீர்க் கெண்டியை அடுப்பில் வைத்தாள், அவரைக் கேட்காமலே இரண்டு கோப்பை எடுத்தாள். "இத வாங்கிட்டேன்னா நீ பாட்டுக்கு நிம்மதியாப் போயிடுவே. நான் மட்டும் இங்க தனியா உக்காந்து சங்கத்துக்குக் கட்டிக்கிட்டிருக்கணும். முடியாது. கடன்காரனாவே இரு. கடன்காரன்னா இந்தச் சந்துல வரும்போது ஒரு தடவை இந்தப் பக்கம் பாப்பேல்ல."

அவர் காசோலையை மடித்து வைத்துக்கொண்டார். அதன் பிறகு மூன்று வருஷம், கால் வலித்தாலும் பனி கொட்டினாலும், லோகஸ்ட் பின்சந்து வழியாக நடந்தார். சில நாள் தேநீர் கிடைக்கும். சில நாள், போ, தலைவலி என்பாள். 418இன் பின்சுவரில் செங்கல் ஒன்று துருத்தியபோது இரண்டு பேரும் சேர்ந்து நின்று பார்த்தார்கள். அடுத்தவன் சொத்தில் கை வைக்கக்கூடாது என்று தெரிந்திருந்தும் அவர் சுண்ணாம்பு குழைத்து அடைத்தார், அவள் டார்ச் பிடித்தாள். ஒவ்வொரு நவம்பரும் காசோலையைப் புதிதாக எழுதினார். ஒவ்வொரு நவம்பரும் அது மேசையின் அவர் பக்கத்துக்கே திரும்பி வந்தது.

2022 பிப்ரவரியில், காலுறை மாட்டிக்கொண்டிருந்தபோது ஆர்டெல் சரிந்து விழுந்தார். அறுபத்தாறு வயது. வெர்னா தேவாலயத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பாடல் தெரியாததால் வாயை மட்டும் அசைத்தாள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் லவோன் வெர்னா வீட்டுக்கு வந்தாள். அப்பாவின் காகிதங்களில் எல்லாம் தீர்ந்துவிட்டது, ஒன்றைத் தவிர என்றாள். தன் கணக்கிலிருந்து வெர்னாவுக்கு எழுதிய காசோலையை நீட்டினாள். வெர்னா அந்தப் பெண்ணை உட்கார வைத்து, சாப்பிட வைத்து, அவள் பள்ளிக்கூடத்தைப் பற்றியெல்லாம் கேட்டாள். காசோலையைத் தொடவில்லை.

"நீ எங்கிட்ட எதுவும் வாங்கலையேம்மா."

"அப்பா வாங்கினது ஆன்ட்டி."

"அவர் குடுக்கட்டும்" என்றாள் வெர்னா.

ரே மறுபடியும் இரண்டு வருஷமாக வரி கட்டவில்லை. அந்தக் கோடையில் செய்தித்தாளில் வந்த ஏலப் பட்டியலில் 418 இருந்தது. எண்ணுக்குப் பக்கத்தில் 'கூரை நல்ல நிலை' என்று போட்டிருந்தார்கள். அதைப் படித்து இரண்டு வெளியூர்க் கார்கள் வந்து, முன்படியில் ஏறி இறங்கிப் போயின. வெர்னா சங்கத்துக்கு இன்னும் தவணை கட்டிக்கொண்டிருந்தாள். பாதிக் கூரை, ஐயாயிரத்து எழுநூறு டாலர், ஆர்டெல் விட்லோவின் பெயரில் கடனாக அப்படியே நிற்கிறது.